பழைய வண்டிக்கு விலை சொல்வது யார்?

சென்ற தை மாதம். சம்பா அறுவடை முடிந்து சாலையோரமெங்கும் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்த நேரம். குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில், ஒரு வீட்டு வாசலில் கீற்றுக் கொட்டகையின் கீழ் நின்ற வெள்ளை மாருதி 800 காரைப் பார்க்க நாள்தோறும் யாரேனும் வந்து போனார்கள்.

அந்த வீட்டுப் பெரியவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் சவூதியில் உழைத்தவர். சபர் போதும் என்று ஊர் திரும்பியதும், 2008இல் ரொக்கப் பணம் கொடுத்து அவர் வாங்கிய வண்டி அது. அண்டை வீட்டுப் பெண்ணைப் பிரசவத்திற்காக நள்ளிரவில் கும்பகோணம் கொண்டு சேர்த்ததும், நடக்க இயலாத முதியவர்களை வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு ஏற்றிச் சென்றதும் அந்த வண்டிதான். பெரியவர் வஃபாத்தாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். இரு மகள்களும் மணமாகிச் சென்றுவிட்டனர். ஓட்டுவதற்கு ஆளில்லாத வண்டியை விற்றுவிடலாம் என்று அந்த அம்மையார் முடிவு செய்தார்.

முதலில் வந்த தரகர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்பு விலைதான் அம்மா, முப்பதாயிரம் தரலாம்" என்றார். இரண்டாமவர் நாற்பத்தைந்து என்றார். மூன்றாவதாக வந்தவர் பக்கத்து ஊரில் உரக்கடை வைத்திருப்பவர். வண்டியைக் கிளப்பி, ஆற்றங்கரைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எழுபத்தையாயிரம் என்றார்.

ஒரே வண்டிக்கு ஒரே வாரத்தில் மூன்று விலைகள்! அப்படியானால் பழைய வண்டிக்கு உண்மையில் விலை சொல்வது யார்? இவ்விதழில் இதைத்தான் சற்று விரிவாகப் பார்க்கவிருக்கிறோம்.

சபுராளிகள் கொணர்ந்த வழக்கம்

நம் காவிரிப் பாசன ஊர்களில் கார் என்பது பெரும்பாலும் சபுராளிகளால் வந்த பொருள். பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று கப்பலேறியவர்களும், 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களும் ஊர் திரும்பியபோது முதலில் வீடு கட்டினார்கள். அடுத்து, வசதியுள்ளவர்கள் வண்டி வாங்கினார்கள். கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் ராஜகிரியிலும் இன்றும் சில பெரிய வீடுகளின் முற்றத்தில் அக்காலத்து வண்டிகளைக் காணலாம்.

அன்று நாட்டில் கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில வகைகளே. வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாஸடர், பம்பாயிலிருந்து வந்த பியட், நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவை அவை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வார்ப்பில் 1950களின் பிற்பகுதியில் வந்த அம்பாஸடரில், கியர் தண்டு ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே இருந்தது. முன் இருக்கை ஒரே பலகைபோல நீண்டிருக்கும், மூவர் அமரலாம். திருமண ஊர்வலமாயினும் ஜனாஸாவுக்குச் செல்வதாயினும் ஒரு குடும்பமே அதற்குள் அடங்கிவிடும்.

புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. ஆதலால் பழைய வண்டியின் விலை குறையாது. கையில் உள்ள வண்டியை விற்றால் கொடுத்த விலைக்கு மேலும் கிடைத்ததுண்டு. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 வெளிவந்த பிறகே இந்நிலை மாறத் தொடங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 29 இலட்சம் வண்டிகள் உருவாகி, நடுத்தரக் குடும்பங்களின் முதல் கார் என்னும் பெயரை அது பெற்றது.

கார் வரலாற்றில் 2014 ஒரு திருப்பம் எனலாம். அவ்வாண்டு ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. பிப்ரவரியில், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத குறைந்த விலைக் காராகச் செலிரியோ அறிமுகமானது. மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையில் அம்பாஸடர் தயாரிப்பும் நின்றது. 2017இல் அம்பாஸடர் என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆலை மூடிய பின்னும் பெயருக்கு விலை இருந்தது!

கையால் கியர் போடும் வண்டிக்கு ஏன் இந்த மதிப்பு?

இன்று நகரங்களில் தானியங்கிக் கியர் வண்டிகளுக்கு வரவேற்பு பெருகி வருகிறது. நெரிசலில் நொடிக்கொரு முறை கிளட்ச்சை மிதிப்பவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், புதிதாக ஓட்டக் கற்கும் பெண்களுக்கும் அது பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. மூன்று நான்கு ஆண்டுகளே ஓடிய தானியங்கி வண்டி நல்ல விலைக்கே போகிறது. ஆனால், வண்டிக்குப் பத்து வயதைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. பழைய வண்டி வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, "இது கெட்டால் யார் பார்ப்பார்?" என்பதுதான்.

கையால் கியர் போடும் வண்டியில் பெரும்பாலும் தேய்வன மூன்று பொருள்கள்: கிளட்ச் தட்டு, அதை அழுத்தும் பிரஷர் தட்டு, ரிலீஸ் பேரிங். இம்மூன்றையும் பட்டுக்கோட்டையிலோ மன்னார்குடியிலோ மரத்தடிப் பட்டறை வைத்திருப்பவரே ஒரே நாளில் மாற்றிக் கொடுத்துவிடுவார். பேட்டரி தளர்ந்துபோனால் தெருப் பிள்ளைகள் இருவர் தள்ள, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டால் வண்டி கிளம்பிவிடும்.

தானியங்கி வண்டிகளில் பல வகைகள் உண்டு. செலிரியோவில் வந்தது எளிய வகை. அதில் இருப்பதும் வழக்கமான கியர் பெட்டியே. நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. வேறு சிலவற்றில் இரு கப்பிகளுக்கிடையே எஃகுப் பட்டை ஓடும். இன்னும் சிலவற்றில் இரண்டு கிளட்ச்சுகள் இருக்கும். இவை பழுதானால் கணினியை இணைத்துப் பார்க்கத் தெரிந்தவரும், நகரத்திலிருந்து வரவேண்டிய உதிரிப் பாகமும் தேவை. பழைய வண்டிக்கு ஒரு இலட்சம் கொடுத்தவர், கியர் பெட்டிக்கு மட்டும் அதில் பாதியைச் செலவிட நேருமோ என்று அஞ்சுவது இயல்பே. அந்த அச்சம்தான் விலையைக் குறைக்கிறது. ஆக, பழைய வண்டியின் மதிப்பில் ஒரு பங்கு, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த உள்ளூர்க் கைகளில் இருக்கிறது.

வாங்குபவர் யார் என்பதும் முக்கியம். நெல் பணம் கைக்கு வரும் தை, மாசி மாதங்களில் வண்டி தேடும் விவசாயி, வாய்க்கால் கரையிலும் மதகின் மேலும் சேற்றுப் பாதையிலும் ஓட்டப்போகிறவர். கடைக்காரர், பின் இருக்கையில் மூட்டை ஏற்றப்போகிறவர். புதிதாக ஓட்டக் கற்றவர், கீறல் விழுந்தாலும் மனம் நோகாத வண்டி வேண்டுபவர். நம் சமுதாயத்தில் மற்றொரு பிரிவினரும் உண்டு. வட்டிக் கடனுக்கு அஞ்சி, கையிலுள்ள தொகைக்குள் எது கிடைக்குமோ அதை ரொக்கமாக வாங்க விரும்புபவர்கள் இவர்கள். இவர்கள் அனைவரையும் பழைய கியர் வண்டியே ஈர்க்கிறது.

டீசல் வண்டியின் கதை தனி. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலுடன் டீசல் கார்களை நிறுத்திவிட்டது. புதிதாகக் கிடைக்காது என்பதால், நன்கு பேணிய பழைய டீசல் ஸ்விஃப்டைத் தேடுவோர் இருக்கிறார்கள். ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பத்தை ஏற்றிச் செல்லும் பழைய இன்னோவாவும் பொலீரோவும் எளிதில் விலை இறங்குவதில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

பழைய வண்டியின் புகழை மட்டும் பாடினால் அது முறையாகாது. மாருதி 800 போன்ற வண்டிகளில் விபத்தின்போது விரியும் காற்றுப்பை கிடையாது. ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பையே 2019 ஜூலையில்தான் நம் நாட்டில் கட்டாயமானது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியச் சிறு கார்களின் மோதல் சோதனை முடிவுகளை வெளியிட்டபோது, அவற்றில் ஐந்து வண்டிகள் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. பழைய சிறு கார் உள்ளூர்ப் போக்குவரத்துக்குப் போதும். குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் சென்னை வரை விரைவதற்கு அது ஏற்றதன்று.

இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் இதற்கென்று செய்யப்பட்டவையல்ல. ஆகவே அவற்றைப் பார்த்து, தேவையெனில் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

புது வண்டியின் விலையும் பழைய வண்டியை இழுக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கியபோது, பழையதற்குச் சொன்ன விலையும் சற்றுத் தணிந்தாக வேண்டியதாயிற்று.

ஆர்.சி. யார் பெயரில்?

வண்டியின் இரும்பைவிட அதன் தாள்கள் முக்கியமானவை. சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ஆக உயர்ந்தது. தமிழகத்தில் பசுமை வரியும் உண்டு. எனவே புதுப்பிப்பு முடிந்த வண்டிக்கும் முடியாத வண்டிக்கும் விலையில் வேறுபாடு இருப்பது நியாயமே. நாம் சொன்ன வெள்ளை மாருதியைப் பெரியவர் 2023இல் தாமே புதுப்பித்திருந்தார். அதற்கு 2028 வரை கவலையில்லை.

ஆனால் அங்கே வேறொரு சிக்கல் இருந்தது. ஆர்.சி. இன்னும் மறைந்தவர் பெயரிலேயே இருந்தது. இரண்டாவதாக வந்த தரகர், "அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா. ஆர்.சி.யைக் கொடுங்கள். படிவத்தில் அத்தா கையெழுத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். இன்னும் ஐயாயிரம் கூடத் தருகிறேன்" என்றாராம்.

வாசகர்களே, இங்கே சற்று நில்லுங்கள். நம் ஊர்களில் அடிக்கடி நிகழும் தவறு இது. மறைந்தவரின் கையெழுத்தைப் போடுவது குற்றம் என்பது ஒரு புறமிருக்கட்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் 31ஆம் எண் படிவத்தில் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இதற்குத் தேவைப்படும். அதன் பிறகே விற்பனை.

உயிருடன் இருப்பவர் விற்கும்போதும் இதே கவனம் வேண்டும். விற்பனைக்கு 29, 30 எண்ணுள்ள படிவங்கள் உள்ளன. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். "பணம் வந்துவிட்டது, இனி வண்டி நமதல்ல" என்று இருந்துவிடக் கூடாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒரு கார் பல கைகள் மாறிவிட்டது. ஆனால் பெயர் மாற்றப்படவில்லை. கடைசியாக வைத்திருந்தவர் காலத்தில் விபத்து நேர்ந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று தாளைக் கொடுத்துவிட்டு, பிறகு எங்கோ நடந்த விபத்துக்கு இலட்சக்கணக்கில் இழப்பீடு கட்ட நேர்ந்தால் அக்குடும்பத்தின் கதி என்னவாகும்!

இன்னொன்றும் உண்டு. மறைந்தவரின் வண்டி அவர் விட்டுச்சென்ற சொத்து. வீட்டையும் நிலத்தையும் பாகம் பிரிக்கும்போது கணக்குப் பார்க்கும் நாம், காரை மட்டும் மகனுடையது என்று ஒதுக்கிவிடுகிறோம். கடன் இருப்பின் அதை அடைத்த பின், மனைவிக்கும் மகள்களுக்கும் அதில் உரிமை உண்டு என்பதை மறக்கலாகாது.

வாங்குவோர் கவனத்திற்கு

காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வண்டியைப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் ஐயம் கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் இரண்டாம் கியர் உரசாமல் விழுகிறதா, ரிவர்ஸ் எளிதில் விழுகிறதா என்று கவனியுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது கியர் தானே நழுவினால் பெட்டியின் உள்ளே தேய்வு இருக்கிறது என்று பொருள்.

எதிரே யாருமில்லாத இடத்தில் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் நன்று. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் தட்டு தேய்ந்துவிட்டது.

கால்மிதி விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். நாகூர் முதல் அதிராம்பட்டினம் வரை கடலோரத்தில் நின்ற வண்டிகளை உப்புக்காற்று அரித்திருக்கும். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கக்கூடும். 2015லும் 2023லும் சென்னையில் எத்தனை வண்டிகள் நீரில் நின்றன என்பதை நாம் பார்த்தோம். மிகக் குறைந்த விலைக்கு வெளியூர் வண்டி வருகிறதென்றால் காரணம் கேளுங்கள்.

சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்திருக்கின்றனவா, கடன் பாக்கி இல்லையா, அபராதம் நிலுவையில் உண்டா என்பதை அரசின் பரிவாகன் தளத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

நனைந்த நெல்

இனி அந்த வீட்டுக்குத் திரும்புவோம். அம்மையார் தரகரை அனுப்பிவிட்டார். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஆர்.சி.யைத் தம் பெயருக்கு மாற்ற ஏறக்குறைய இரண்டு மாதங்கள் பிடித்தன. உரக்கடைக்காரர் காத்திருந்தார். கடைசி நாளன்று மகன் தொலைபேசியில், "அம்மா, ஓட்டுநர் பக்கம் தரைத் தகடு அரித்துப்போய் அத்தா ஒட்டுப் போட்டது நினைவிருக்கிறதா? அதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். விரிப்பு மூடித்தானே இருக்கிறது" என்றாராம்.

அம்மையார் சொன்ன விடை இது: "மறைச்சுத்தான் விக்கணும்னா அந்தக் காசு நமக்கு வேணாம் தம்பி."

மதீனாவின் கடைவீதியில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சியை நாமெல்லோரும் பயான்களில் கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்த தானியம் அது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, நனைந்ததை வாங்குவோர் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அவரைக் கண்டித்தார்கள். நெல் விளையும் நம் பூமியில் இதை விளக்க வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பது நம் உழவர்களுக்குத் தெரியும். கால்மிதிக்கு அடியில் உள்ள துருவும் நனைந்த நெல்தான்.

அம்மையார் விரிப்பைத் தம் கையாலேயே தூக்கிக் காட்டினார். குளிரில் இரண்டாம் கியர் சற்று உரசும் என்பதையும் சொன்னார். உரக்கடைக்காரர் ஏழாயிரம் குறைத்து அறுபத்தெட்டாயிரம் கொடுத்தார். அன்றே இருவரும் படிவங்களில் கையொப்பமிட்டனர். மறைந்தவருக்குக் கடன் இல்லை. அவருடைய பெற்றோரும் முன்பே காலமாகிவிட்டனர். ஆதலால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்காக 8,500, மகனுக்கு 29,750, மகள்கள் இருவருக்கும் தலா 14,875 என்று தொகை பிரிக்கப்பட்டது. ஒரு பழைய கார் விற்ற பணத்தில் தங்களுக்கும் பங்கு வரும் என்று மகள்கள் எதிர்பார்க்கவேயில்லை.

வண்டியை ஓட்டிச் செல்லுமுன் உரக்கடைக்காரர் ஒரு சொல் சொன்னார்: "துருவை நானே கண்டுபிடித்திருந்தால் வண்டியை வேண்டாமென்று போயிருப்பேன் அம்மா. நீங்கள் காட்டியதால் வாங்குகிறேன்."

மூன்று விலைகளுக்கும் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? முதலாமவர் இரும்பை எடைபோட்டார். இரண்டாமவர் அந்த வீட்டாரின் அறியாமையை எடைபோட்டார். மூன்றாமவர் ஓட்டிப் பார்த்து, அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் என்று கணித்தார். விற்றவரின் வாய்மை அந்தக் கணிப்புக்கு உறுதி சேர்த்தது.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். அதை விற்கும் எண்ணம் இன்று இல்லாமலிருக்கலாம். ஆயினும் இதழை மூடியவுடன் ஆர்.சி.யை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது, எந்த ஆண்டு வரை செல்லும் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.